உத்திரம் முதல் ஒட்டுப்பலகை வரை
தாம்பரத்து வீடுகளில் மரம் வந்த கதை



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "விடுதி நாட்களைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அது ஏற்கெனவே பதினோரு பேர் எழுதிட்டாங்க சார், நீங்க உங்க தொழிலைப் பத்தி எழுதுங்க" என்றார்கள். எழுபதுகளில் இங்கே தாவரவியல் படித்து, பிறகு மாமனாரின் மரக்கடையில் உட்கார்ந்தவன் நான். "பாட்டனி படிச்சவன் மரத்தை அறுத்து விக்கிறான்" என்று என் வகுப்புத் தோழர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு இந்தக் கட்டுரையை என் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

நம்மில் பலர் ஓய்வு பெற்ற பிறகு சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று இந்தப் பக்கமே வீடு கட்டியோ ஃப்ளாட் வாங்கியோ குடியேறிவிட்டோம். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் பற்றியெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மர விஷயத்தில் மட்டும் "நல்லதா பார்த்துப் போடுங்க" என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த "நல்லது" என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் நல்ல மரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். பிளைவுட் வந்த பிறகு நல்லது கெட்டது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. அது எப்படி நடந்தது, அதனால் நமக்கு என்ன வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

வைரம் பார்த்த காலம்

மரத்தைத் தரம் பிரிப்பது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியமே தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே வைரம் உடையது மரம். வெளியே வைரம் உடையது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல் இனம். தாவரவியல் வகுப்பில் ஒருவித்திலை, இருவித்திலை என்று நாம் படித்ததோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் கையில் நிச்சயம் ஒரு கோடாலியோ உளியோ இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் பனங்கைமரம் பிளக்கும் ஆள் வெளிப்பக்கத்தை வைத்துக்கொண்டு உள்சோற்றை எறிவார். தேக்கு அறுக்கும் ஆள் உள்பக்கத்தை வைத்துக்கொண்டு வெளியே இருக்கும் வெள்ளையைக் கழிப்பார்.

அந்தக் காலத்துத் தச்சர் மரத்தைப் பார்க்கும் விதமே தனி. வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, கணு எங்கே இருக்கிறது, நார் நேராக ஓடுகிறதா சாய்ந்து ஓடுகிறதா, வெடிப்பு இருக்கிறதா, தட்டினால் கணீர் என்கிறதா என்று பார்ப்பார். இவ்வளவும் கண்ணும் காதும் செய்யும் வேலை. கட்டையின் கதை முழுவதும் அதன் மேலேயே எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தால் போதும்.

வாங்குவதும் அளந்துதான். உருட்டு மரத்துக்குச் சுற்றளவை எடுத்து, அதில் கால் பங்கைக் கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதம்தான் இந்தக் கணக்கில் வரும். மீதி 22 சதவீதம் பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் வாங்குகிறவருக்கு விட்ட தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்த மரம் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்க்க வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இன்னும் சில வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். உத்திரத்தின் மேல் ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் சிறு கட்டைகள். அவற்றின் மேல் ஓர் அங்குல கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு. இரும்புக் கம்பி இல்லாமல் நூறு வருஷம் நின்ற கூரை அது. மேலே இருக்கும் பாரம் முழுவதையும் தாங்கியது தேக்கு உத்திரம்தான். அந்த வீடு விழுந்தால் பெரும்பாலும் உத்திரத்தின் நடுவில் ஒடிந்து விழாது. சுவருக்குள் புதைந்த நுனி, ஈரத்தில் மக்கிப்போய்த்தான் விழும். பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ டிரைவரால் அந்த நுனியைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது? கணிசமான பங்கு பர்மாவிலிருந்து, ரங்கூன், மோல்மீன் துறைமுகங்கள் வழியாகக் கப்பலில் வந்தது. நம் மாகாணத்திலும் இருந்தது. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய மரத்தை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்டதால் வந்தது. வெட்டிக்கொண்டே போனால் காடு தீர்ந்துவிடும் என்று பயந்து, அன்றைய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். நிலம்பூர் என்ற அந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

கண் சொன்னது நூலில் ஏறியது

தச்சரின் கண் ஒருவரோடு போய்விடும். ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஆயிரக்கணக்கான கட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அனுபவசாலி ஒருவரை நிறுத்த முடியாது. எனவே கண் பார்த்ததை எண்ணாக மாற்றினார்கள்.

1906-ல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மரங்களையெல்லாம் ஒடித்தும் நசுக்கியும் வளைத்தும் பார்த்து, தேக்குக்கு 100 மதிப்பெண் என்று வைத்து, மற்ற மரங்களுக்கு அதை ஒட்டி மதிப்பெண் போட்டார்கள். அதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. உத்திரமாக நின்று பாரம் தாங்குவதில் சால் மரம் தேக்கை முந்திவிடும். ஆனால் வளையாமல், முறுக்கிக்கொள்ளாமல், வாங்கிய வடிவத்திலேயே நிற்பதில் சால் தேக்குக்குக் கிட்டவே வராது. கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கு கேட்பதற்குக் காரணம் இதுதான். பலம் வேண்டிய இடம் வேறு, அசையாமல் நிற்க வேண்டிய இடம் வேறு. "தேக்குதான் எல்லாத்துக்கும் பெஸ்ட்" என்பது பாதி உண்மை.

ரயில்வேயும் இப்படி ஒரு எண் வைத்திருந்தது. நம் கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலை யாரும் மறந்திருக்க முடியாது. 1931-ல் தொடங்கி 2004 வரை ஓடியது. மீட்டர்கேஜ் பாதைக்கான மரச் சிலீப்பர் 6 அடி நீளம், 8 அங்குல அகலம், நாலரை அங்குல கனம். மரத்தின் பலத்தையும் கடினத்தன்மையையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிட்டு, சாதாரணப் பாதைக்குக் குறைந்தது 783, பாலத்துக்கு 1455 என்று வைத்தார்கள். பாலத்தில் போடும் கட்டைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மார்க் வேண்டும். 'எங்கே போடப்போகிறோம்' என்பதை வைத்துத்தான் தரம் என்ற பாடம் இதில் இருக்கிறது.

1947-ல் இந்தியத் தர நிறுவனம் பிறந்தது. நாம் ஐ.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான். 1987-ல் அது இந்தியத் தர அமைவனம் ஆயிற்று. அதன் தென்மண்டல அலுவலகம் நமக்கு வெகு அருகில், தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. கட்டட மரத்துக்கு அவர்கள் எழுதிய விதிகளைப் படித்தால் பழைய தச்சர் பேசுவது போலவே இருக்கும். ஐ.எஸ். 883 மரங்களைப் பலத்தின்படி ஏ, பி, சி என்று மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் செலக்ட், முதல் தரம், இரண்டாம் தரம் என்று வகுக்கிறது. கணு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், வெடிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. நார் சாய்வுக்கு மட்டும் உதாரணம் சொல்கிறேன். 20 அங்குல நீளத்துக்கு நார் ஓர் அங்குலத்துக்கு மேல் சாயாமல் இருந்தால் செலக்ட். 15-க்கு ஒன்று வரை முதல் தரம். 12-க்கு ஒன்று வரை இரண்டாம் தரம். மாணவர்கள் அடுத்த முறை மரக்கடைக்குப் போனால் ஒரு ஸ்கேலை எடுத்துப் போய் அளந்து பாருங்கள். கடைக்காரர் உங்களைத் தனி மரியாதையோடு பார்ப்பார்.

ஈரம் இன்னொரு விஷயம். பச்சை மரத்தில் நிலை செய்தால் அது காயும்போது சுருங்கி, சுவருக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். ஓர் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் உண்டோ அதற்கேற்ற அளவுக்கு மரத்தை முன்பே பதப்படுத்த வேண்டும். இதற்காக நாட்டையே காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். கடற்காற்று அடிக்கும் நம் ஊருக்கும் ராஜஸ்தானுக்கும் ஒரே கதவு பொருந்தாது.

தேயிலைப் பெட்டியும் போர் விமானமும்

இனி பிளைவுட்டுக்கு வருவோம். மரத்துக்கு நாரின் நீளவாக்கில் பலம் அதிகம், குறுக்கே குறைவு. ஈரம் பட்டால் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். மரம் கடவுள் கொடுத்தது; இந்தக் குறையை நிவர்த்தி செய்தது மனிதன். உருட்டு மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, நீளக் கத்தியால் காகிதச் சுருளைப் பிரிப்பது போல மெல்லிய தகடாக உரிப்பார்கள். அந்தத் தகடுகளை ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பசை தடவி, சூடான பிரஸ்ஸில் அழுத்துவார்கள். 3, 5, 7 என்று ஒற்றைப்படையில்தான் அடுக்குவார்கள். அப்போதுதான் இரண்டு முகத்திலும் நார் ஒரே திசையில் ஓடி, பலகை வளையாமல் நிற்கும். ஒரு தகடு உப்பப் பார்த்தால் பக்கத்துத் தகடு பிடித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் மாதிரி!

நம் நாட்டில் இந்தத் தொழில் தேயிலைப் பெட்டியில் தொடங்கியது. அஸ்ஸாம் தேயிலை கப்பலேறி லண்டன் போக, லேசான, உறுதியான பெட்டி வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். இந்தியத் தர விதிகளில் முதலாவது எண், ஐ.எஸ். 1, நம் தேசியக் கொடிக்கு உரியது. பத்தாவது எண், ஐ.எஸ். 10, பிளைவுட் தேயிலைப் பெட்டிக்கு உரியது.

பெட்டி நனையாத வரை பிரச்சினை இல்லை. நனைந்தால் பசை கரையும். பழைய பசைகள் பாலின் கேசீன் சத்திலிருந்தும் மிருக எலும்பு, தோலிலிருந்தும் காய்ச்சியவை. ஈரமும் பூஞ்சையும் அவற்றுக்கு எமன். 1930-களில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு என்ற செயற்கைப் பிசின் பிளைவுட்டுக்கு வந்த பிறகுதான் கொதிக்க வைத்தாலும் விடாத ஒட்டு கிடைத்தது.

விமானப் படைத் தளத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்த நமக்கு ஒரு விமானக் கதை பொருத்தமாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் மஸ்கிட்டோ என்ற போர் விமானத்தைப் பிளைவுட்டாலும் பால்சா மரத்தாலும் செய்தார்கள். அலுமினியத்தை மிச்சம் பிடிக்க, தச்சர்களையும் பியானோ செய்பவர்களையும் வைத்துச் செய்த விமானம். வேகத்தில் அன்று அதற்கு ஈடு சில விமானங்களே. 1944 அக்டோபரில் இந்தியாவில் இருந்த சில மஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே இறக்கை பிரிந்து விழுந்தன. நவம்பரில் இங்கிருந்த மஸ்கிட்டோக்களையெல்லாம் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் பசை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் சந்தேகம். தீர விசாரித்தபோது, தொழிற்சாலையிலேயே இறக்கையின் ஒட்டுகள் சரியாகப் படியாமல் இடைவெளி விட்டுப் போயிருந்தது தெரிந்தது. போர் விமானத்துக்கு எத்தனை சோதனை இருந்திருக்கும்! அதையும் தாண்டி ஒட்டில் இருந்த குறை ஒளிந்துகொண்டது. ஏனென்றால் ஒட்டு இரண்டு பலகைக்கு நடுவே இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

பிளைவுட்டின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. தேக்கு உத்திரத்தைத் தச்சர் பார்த்துச் சொல்லிவிடுவார். பிளைவுட்டின் மேல் தகடு அழகாக இருப்பதை வைத்து உள்ளே என்ன தகடு, என்ன பசை என்று எந்தத் தச்சராலும் சொல்ல முடியாது.

காடு கதவை மூடியது

அப்படியானால் தேக்கிலேயே இருந்துவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். மரம் இல்லையே! 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா தேக்கு வரத்து அறுந்தது. அதன் பிறகு வந்ததும் பழைய விலைக்கு வரவில்லை. அந்தமானில் 1883-லிருந்து சாத்தம் மர ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து படாக் மரம் வந்தது. 1988-ல் வந்த தேசிய வனக் கொள்கை, காடு தொழிற்சாலைக்கு மரம் கொடுக்கும் கிடங்கு இல்லை என்று சொல்லிவிட்டது. 1993-ல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரம் போடுவதையே நிறுத்தியது; 2020-ல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள்.

பெரிய திருப்பம் நம் நீலகிரியிலிருந்து வந்தது. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். (கனோலி தேக்கு நட்ட அதே நிலம்பூர்தான்.) 1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவு, கூடலூரைத் தாண்டி நாடு முழுவதையும் பிடித்தது. அரசு அனுமதித்த திட்டமில்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போகக் கூடாது. அஸ்ஸாம், அருணாசலத்தில் பல பிளைவுட் ஆலைகள் மூடின. 2002-ல் அந்தமானுக்கும் கட்டுப்பாடு வந்தது.

எங்கள் தொழிலில் சிலர் அந்தத் தீர்ப்பைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை, தாவரவியல் படித்தவனுக்கு அந்த வருத்தம் வராது. ஆனால் விளைவு ஒன்று உண்டு. காட்டு மரத்துக்குப் பதில் தோட்ட மரம் பிளைவுட்டுக்குள் புகுந்தது. கேரளத்தில் பெரும்பாவூர் ஆலைகளுக்கு ரப்பர் மரம். வடக்கே யமுனாநகருக்கு பாப்லர். நம் பக்கம் சில்வர் ஓக், தைலமரம். மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த மலைவேம்பு இப்போது பிளைவுட் ஆலைகளுக்கு நல்ல தகடு தருகிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் இளமரத்தில் வைரம் குறைவு. ரப்பர் மரத்தைப் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சையும் துளைப்பானும் சும்மா விடா. ஆக மரத்தின் இயற்கைப் பலம் குறையக் குறைய, பசையும் மருந்தும்தான் பலகையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை.

அதே காலத்தில்தான் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, தாம்பரம் - வேளச்சேரி சாலை நெடுக ஃப்ளாட்டுகள் முளைத்தன. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டி.வி. யூனிட் என்று ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது ஷீட் பிளைவுட் சர்வசாதாரணம். நம் வீட்டுக்குள் மரம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது பெயிண்டுக்கும் மைக்காவுக்கும் அடியில் ஒளிந்துகொண்டது.

ஒரு ஷீட்டின் ஜாதகம்

கடையில் கேட்கும் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன்.

எம்.ஆர். - கடையில் 'கமர்ஷியல்' என்பார்கள். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 303-ன் கீழ் வருகிறது. இதற்கான சோதனை 60 டிகிரி வெந்நீரில்தான். பெரும்பாலும் வெளிர் நிற யூரியா பிசின். படுக்கையறை அலமாரி, மேஜை, கட்டில் பலகைக்குப் போதும்.

பி.டபிள்யூ.ஆர். - இதுவும் ஐ.எஸ். 303-தான். கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். சமையலறை அலமாரி, பாத்ரூமை ஒட்டிய சுவர் அலமாரிக்கு இது.

மரைன் - ஐ.எஸ். 710. 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் ஒட்டு விடக் கூடாது. தகடுகளுக்கு மருந்து ஏற்றியிருக்க வேண்டும். படகுக்கு எழுதிய விதி. சிங்க்குக்கு அடியிலும் தரைத்தள வீட்டின் கீழ் அலமாரிக்கும் இது நியாயம். மாடி வீட்டுப் பூஜை அலமாரிக்கு மரைன் போடுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

ஷட்டரிங் பிளைவுட் - ஐ.எஸ். 4990. கான்கிரீட் ஊற்றும் சென்ட்ரிங் வேலைக்கு. முகத்தில் பழுப்பு நிறப் பிசின் படலம் இருக்கும். பல முறை கழற்றிப் போடலாம். ஒரு காலத்தில் சவுக்குக் கட்டையும் நாட்டுப் பலகையும் செய்த வேலை. சவுக்கு முட்டு இன்றும் போகவில்லை.

பிளாக் போர்டு - ஐ.எஸ். 1659. நடுவே மரச் சட்டங்கள், இரு பக்கமும் தகடு. நீண்ட ஷெல்ஃப், உயரமான வார்ட்ரோப் கதவு இவற்றில் பிளைவுட்டைவிடக் குறைவாகத் தொய்யும். தண்ணீர் படும் இடத்துக்கு வேண்டாம்.

ஃப்ளஷ் கதவு - ஐ.எஸ். 2202. உள்ளறைக் கதவுக்கு. வாசல் கதவு வெயிலும் மழையும் பார்க்குமானால் நல்ல பதப்படுத்திய தேக்கோ வேங்கையோதான் நிம்மதி.

கட்டடப் பாரம் தாங்க ஐ.எஸ். 10701 என்று தனி பிளைவுட் உண்டு. அலமாரிக்கு வாங்கிய ஷீட்டைப் பரண் தாங்கும் பலகையாகப் போட்டு, மேலே அரிசி மூட்டையும் பழைய புத்தகமும் ஏற்றுவது ஆபத்து.

கவனியுங்கள்: 'வாட்டர் ப்ரூஃப்', 'ஜெம்', 'கோல்டு', 'லைஃப்டைம்' இவையெல்லாம் தரம் இல்லை, வியாபாரப் பெயர். ஷீட்டின் மேல் ஐ.எஸ். எண், தரம், கனம், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இவை இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை தர அமைவனத்தின் செல்போன் செயலியில் போட்டால் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடும். பிளைவுட்டுக்கு முத்திரை கட்டாயம் என்ற தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. கனத்தையும் அளந்து பாருங்கள். ரசீதில் 19 மில்லிமீட்டர், அளந்தால் 17 என்பது ரொம்ப சகஜம்.

டிசம்பர் பரீட்சை

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை கொள்ளாமல் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. முதல் மாடி வரை தண்ணீர் பார்த்த நண்பர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பல வாரம், தெரிந்தவர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு, "இதில் எது தேறும், எதைத் தூக்கி எறியலாம், பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். போய்ப் பார்த்தேன். நாற்பது வருஷத் தொழிலில் கிடைக்காத பாடம் அந்த வாரங்களில் கிடைத்தது.

மரத்தூள் பலகையில் செய்த ரெடிமேட் அலமாரிகள் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தன. எம்.ஆர். பிளைவுட் ஓரங்களில் புத்தகம் விரிவது போல விரிந்துவிட்டது. நிஜமான மரைன் பலகை மட்டும் பெரும்பாலும் தப்பியது. மேலே ஒட்டியிருந்த மைக்கா பிய்ந்து வந்தது உண்மை. அது தச்சர் தடவும் வெள்ளைப் பசையின் குறை, பலகையின் குறை இல்லை. பழைய தேக்குக் கட்டிலும் பெட்டியும் உப்பி, கதவுகள் இறுகி, நிழலில் ஒரு மாதம் காய்ந்த பிறகு பழையபடி நின்றன.

வரதராஜபுரத்தில் ஒரு வீட்டை மறக்க முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சேமிப்பிலிருந்து கட்டிய சமையலறை. "மரைன்தான் சார் போட்டாங்க, பில் இருக்கு" என்று பத்திரமாக வைத்திருந்த பில்லைக் காட்டினார். பில்லில் மரைன் விலைதான். விரிந்து கிடந்த பலகையைத் திருப்பிப் பார்த்தேன். எந்த முத்திரையும் இல்லை. உள்ளே வெளிர் நிறப் பசை. விற்றவர் யார் என்பது இங்கே முக்கியம் இல்லை. அலமாரி செய்த அன்றே மைக்கா ஒட்டி மூடிவிட்டதால், வெள்ளம் வந்து பிரித்துக் காட்டும் வரை அந்த மனிதருக்குத் தெரிய வழியே இல்லாமல் போயிற்று என்பதுதான் எனக்கு வலித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்றது. இனியும் நிற்கும். எனவே நடைமுறையில் சில விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பலகை வீட்டுக்கு வந்த அன்றே, அறுப்பதற்கு முன், ஒவ்வொரு ஷீட்டின் முத்திரையையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கா ஒட்டிய பிறகு அது ஒன்றுதான் சாட்சி.

இரண்டு, அறுத்த துண்டில் இரண்டு அங்குலம் கேட்டு வாங்கி, சமையலறையில் பழைய பாத்திரத்தில் நாலு மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் மரைன் என்று விற்ற எம்.ஆர். அதற்குள் குட்டு உடைந்துவிடும்.

மூன்று, தரைத்தளத்தில் கீழ் அலமாரிகளைத் தரையோடு வைக்காமல் கல் அல்லது ஸ்டீல் காலில் தூக்கி வையுங்கள். அறுத்த ஓரம்தான் தண்ணீர் நுழையும் வாசல். எல்லா ஓரத்தையும், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரத்தையும், பிரைமர் அடித்து அடைக்கச் சொல்லுங்கள்.

நான்கு, வெள்ளத்தில் நனைந்த மரச் சாமானை அவசரப்பட்டு வெயிலில் போடாதீர்கள். சேற்றைக் கழுவி, நிழலில், காற்று எல்லாப் பக்கமும் படும்படி கட்டை கொடுத்து வையுங்கள். ஒரு மாதம் பொறுத்த பிறகு முடிவு செய்யுங்கள். பாட்டி காலத்துத் தேக்கைப் பழைய சாமான்காரருக்குக் கிலோ கணக்கில் போட்டுவிட்டு அழுத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தகடுகளையெல்லாம் ஒரே திசையில் அடுக்கி ஒட்டிய உத்திரங்கள் வெளிநாடுகளில் மாடிக் கட்டடங்களையே தாங்குகின்றன. நம் நாட்டிலும் விவசாயி நட்ட ஆறேழு வருஷ மலைவேம்பு நாளைக்கு உத்திரமாக முடியும். அதற்கு மரத்தை அறிந்த தாவரவியல்காரரும், பசையை அறிந்த வேதியியல்காரரும், பாரத்தை அறிந்த இயற்பியல்காரரும் சேர்ந்து உட்கார வேண்டும். மூன்று துறையும் நம் கல்லூரியில் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. யாராவது முன்வந்தால், சோதிக்கத் துண்டு பலகைகள் என் கடையில் இலவசம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!